வென்றது யார்?



இம்மாதம் வழக்கத்திற்கு மாறாக ஒரு திரைப்படத்தைக் குறித்து எழுதுகிறேன். போதகருக்கு சினிமாவோடு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுமையாய் வாசித்து முடியுங்கள், பின்பு நிதானியுங்கள்.

தெருமுனைக் கடைகளில் குறுந்தகடுகள் வாடகைக்குக் கிடைத்த நாட்கள் அவை. மும்பையில் நான் ஊழியம் செய்த சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி, தன் பதினொரு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பாஸ்டர் ஐயா, பிள்ளைக்குள் ஏதோ புகுந்துவிட்டது. நாலு நாளாகத் தூக்கம் இல்லை. படுக்கையைக் கண்டாலே அலறுகிறாள். உபவாசம் இருந்து துரத்துங்கள் ஐயா" என்று அழுதார்.

என் கை பிள்ளையின் தலைமேல் உயர்ந்தது. சத்தமாய்க் கடிந்துகொள்ள வாயையும் திறந்தேன். ஆவியானவர் என்னைத் தடுத்தார் என்றே இன்றும் நம்புகிறேன். கையை இறக்கி, "என்னம்மா நடந்தது?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன்மார் ஒரு குறுந்தகடு போட்டார்களாம். இவளும் ஓரமாய் உட்கார்ந்து பார்த்தாளாம். 'எக்ஸார்சிஸ்ட்' என்னும் ஆங்கிலப் படம். பேய் பிடித்த ஒரு சிறுமியின் கதை.

பின்பு அவள் கேட்ட கேள்விதான் என்னை நிலைகுலையச் செய்தது. "கடைசியில் அந்த ரெண்டு ஃபாதரும் செத்துப்போயிட்டாங்களே ஐயா. அப்படின்னா பிசாசுதானே ஜெயிச்சது?"

"இல்லை மகளே, இயேசுதான் ஜெயித்தார்" என்றேன். ஜெபித்து அனுப்பினேன். ஆனால் அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல என்பது எனக்கே தெரிந்தது. நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பாராமலே கண்டிப்பது எளிது. பாராமல் பதில் சொல்ல முடியாது. அதன் பின் அதைத் தேடிப் பார்த்தேன். அதைக் குறித்து வாசிக்கவும் செய்தேன்.

படமும் அதைப் பார்த்தவர்களும்

இக்கதையை எழுதியவர் வில்லியம் பீட்டர் பிளாட்டி என்னும் அமெரிக்க எழுத்தாளர். கத்தோலிக்க விசுவாசி. அவர் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த 1949-ஆம் ஆண்டில், 14 வயதுச் சிறுவன் ஒருவனிடமிருந்து பிசாசு துரத்தப்பட்டதாக ஒரு செய்தி நாளிதழில் வெளிவந்தது. அது அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது. சிறுவனைச் சிறுமியாக மாற்றி 1971-இல் நாவலாக வெளியிட்டார். வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கத்தில் அது படமாகி, 1973 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அமெரிக்காவில் திரையிடப்பட்டது.

ஜனங்கள் குளிரில் மணிக்கணக்காய் வரிசையில் நின்றார்கள். உள்ளே சிலர் மயங்கி விழுந்தார்கள், சிலர் வாந்தியெடுத்தார்கள், சிலர் பாதியில் எழுந்து ஓடினார்கள். படத்தைப் பார்த்தபின் மனநல சிகிச்சை தேவைப்பட்ட 4 பேரைக் குறித்து 1975-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் கட்டுரையே வெளியிட்டது. அதே படம் 10 ஆஸ்கார் பரிந்துரைகளைப் பெற்று 2 விருதுகளையும் வென்றது.

பார்த்தவர்கள் சொன்ன கருத்துக்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. இது பிசாசின் படம், கிறிஸ்தவன் கண்ணெடுத்தும் பார்க்கலாகாது என்றார்கள் ஒருசாரார். ஆலயத்தை மறந்திருந்த எங்களை இது மறுபடியும் ஜெபிக்க வைத்தது என்றார்கள் மற்றொரு சாரார். கால் நூற்றாண்டு கழித்துப் பார்த்த வாலிபர்களிலோ பலர் சிரித்தார்கள். தலை பின்புறமாய்த் திரும்புவதும் பச்சை நிறத்தில் வாந்தி பாய்வதும் அவர்களுக்கு வேடிக்கையாயிருந்தது.

சிரித்தவர்கள் ஒன்றைச் சரியாய்க் கண்டுகொண்டார்கள். அது கைவேலை. வாந்தி என்பது பட்டாணி சூப். மூச்சு புகைபோல் தெரிவதற்காக அந்தப் படுக்கையறையையே குளிர்பதனப் பெட்டிபோல் உறைய வைத்திருந்தார்கள். பிசாசின் குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்னும் நடிகையின் குரல். அந்தரத்தில் எழும்புவது கம்பிகளின் உதவியால். பெற்றோரே, உங்கள் பிள்ளை இப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்துப் பயந்திருந்தால், முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

படம் வீட்டிற்குள் வந்தபோது

திரையரங்கில் பார்ப்பது ஒன்று, வீட்டில் பார்ப்பது வேறொன்று. இங்கிலாந்தில் நடந்ததைக் கவனியுங்கள். 1974 முதல் பெரியவர்களுக்கான சான்றிதழோடு அங்கே திரையரங்குகளில் இப்படம் ஓடியது. 1980-களின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டாகவும் வந்தது. பின்பு 1984-ஆம் ஆண்டின் வீடியோ பதிவுச் சட்டத்தின்படி, வீட்டில் பார்க்கும் ஒவ்வொரு கேசட்டிற்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்றாயிற்று. தணிக்கை வாரியத்தின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஃபெர்மன் இப்படத்திற்குச் சான்றிதழ் தர இசையவில்லை. 1988-இல் கேசட் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் பதவி விலகியபின் 1999-இல்தான், ஒரு காட்சியும் வெட்டப்படாமல், 18 வயதிற்கு மேற்பட்டோருக்கென்று அனுமதி கிடைத்தது.

11 ஆண்டுகள் இடையில் கழிந்தன. இத்தனைக்கும் அதே படம் திரையரங்கில் தடை செய்யப்படவில்லை! பருவ வயதுப் பெண்பிள்ளைகள் வீட்டில் இதைப் பார்த்தால் என்னவாகும் என்பதே ஃபெர்மனின் கவலை. வாசலில் வயது கேட்க ஆள் உண்டு. வீட்டில் யார் உண்டு? அந்த மனிதர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் பல விசுவாசப் பெற்றோருக்கு இல்லாத கரிசனை அவருக்கு இருந்தது.

இப்போது 50-ஆம் ஆண்டு நினைவாக 2023-இல் புதிய தகடுகளும் வந்துவிட்டன. தகடுகூடத் தேவையில்லை, பிள்ளைகளின் கைப்பேசியே போதும்.

ஆசிரியரின் மனவேதனை

பதினொரு வயதுப் பிள்ளை என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். அதே கேள்வி அந்தக் கதாசிரியரையே பல ஆண்டுகள் வருத்தியது என்று வாசித்தபோது வியந்துபோனேன்.

கதையின் முடிவு இதுதான். முதிய குருவானவர் மெரின், ஜெபத்தின் நடுவிலே மாரடைப்பால் இறந்துபோகிறார். இளைய குருவானவர் கராஸ், தன் தாயின் மரணத்திற்குப்பின் விசுவாசத்தில் தடுமாறிக்கொண்டிருந்தவர். பிள்ளையை விட்டு என்னைப் பிடித்துக்கொள் என்று பிசாசை நோக்கிக் கத்துகிறார். அது அவருக்குள் புகுந்து, அவர் கைகளாலேயே பிள்ளையைக் கொல்ல முயலும் கணத்தில், தன்னை மீட்டுக்கொண்டு ஜன்னல் வழியாய்ப் பாய்ந்து, கீழே கற்படிகளில் விழுந்து மரிக்கிறார். பிள்ளை பிழைக்கிறாள்.

சிநேகிதருக்காக உயிரைக் கொடுக்கும் அன்பைக் காட்டவே பிளாட்டி இப்படி எழுதினார். ஆனால் பார்த்தவர்களில் அநேகர், பிசாசே அவரை ஜன்னலுக்கு வெளியே வீசியெறிந்தது, பிசாசே வென்றது என்று எண்ணிக்கொண்டார்கள். இருளைக் காட்டினால் ஒளியின் கர்த்தரை ஜனங்கள் நினைப்பார்கள் என்று எழுதினவருக்கு இது பெரிய வேதனை. 1973-இல் வெட்டப்பட்ட காட்சிகளை மறுபடியும் சேர்க்கவேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் வலியுறுத்தினார். 2000-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 10 நிமிடக் காட்சிகள் சேர்க்கப்பட்டுப் புதிய பதிப்பு வந்தது. அதில் ஒன்று, மாடிப்படியில் அமர்ந்து இரு குருமார்களும் பேசும் சிறு உரையாடல். ஏன் இந்தப் பிள்ளை என்று இளையவர் கேட்கிறார். நம்மை நம்பிக்கையிழக்கச் செய்வதே சத்துருவின் நோக்கம், தேவன் நேசிக்கத் தகுதியற்றவர்கள் நாம் என்று எண்ணவைப்பதே அவன் வேலை என்ற பொருளில் முதியவர் பதிலளிக்கிறார். கதையின் உள்ளமே அதுதான். 27 ஆண்டுகள் அது இல்லாமலே உலகம் அப்படத்தைப் பார்த்தது.

இரண்டு மணிநேரம் பிசாசைக் காட்டிவிட்டு, விடுதலையை இரண்டு நிமிடத்தில் காட்டினால், பார்ப்பவர் மனதில் எது தங்கும்?

வேதத்தின்படி அப்படத்தில் ஏற்கமுடியாதவையும் உண்டு. என்னைப் பிடித்துக்கொள் என்று பிசாசை அழைக்கும்படி வேதம் எந்த ஊழியக்காரனுக்கும் சொல்லவில்லை. நமக்குப் பதிலாய் மரித்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் மரித்ததோடு நின்றுவிடாமல் உயிர்த்தெழுந்தும் இருக்கிறார். அந்தப் படத்தில் இல்லாதது உயிர்த்தெழுதலின் காலைப்பொழுது. பிள்ளை கேட்டதில் தவறென்ன?

நம் சாட்சி மேடை

படத்தைக் குறைகூறி இத்தோடு முடித்துக்கொண்டால் நான் மாயக்காரன். அந்தச் சிறுமி பயந்தது அந்தக் குறுந்தகட்டினால் மாத்திரமா? அதற்கு முந்தின ஞாயிறுதான், ஒரு பெண்ணிடமிருந்து அசுத்த ஆவி வெளியேறின சம்பவத்தை நான் பிரசங்க மேடையில் விவரித்திருந்தேன். அது எப்படி உறுமியது, எத்தனை பேர் பிடித்தும் அடங்கவில்லை, என்னென்ன பேசியது என்று அரைமணி நேரம் சொன்னேன். சபையார் மூச்சடக்கிக் கேட்டார்கள். அந்தப் பெண் அதன்பின் எப்படி வாழ்கிறாள் என்பதைச் சொன்னேனா? ஒரு வாக்கியம். "அல்லேலூயா" என்று முடித்துவிட்டேன். முன்வரிசையில் சிறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆண்டவர் நடந்துகொண்ட விதத்தைக் கவனியுங்கள். அசுத்த ஆவிகள் பேச வாயெடுத்தபோது அவர் பேசவிடவில்லை (மாற்கு 1:25, 34). மலையடிவாரத்தில் அலைக்கழிக்கப்பட்ட சிறுவனைச் சுகமாக்கியதும், அவனைத் தகப்பனிடத்தில் ஒப்புக்கொடுத்தார் என்று லூக்கா குறிக்கிறார் (லூக்கா 9:42). கதரேனருடைய நாட்டில் ஆடையுடுத்தி, தெளிந்த மனதோடு அமர்ந்திருந்த மனிதனை, உன் வீட்டாரிடத்திற்குப் போ என்று அனுப்பினார் (மாற்கு 5). எழுபது பேரும் பிசாசுகள் எங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று களிகூர்ந்து திரும்பியபோது, சந்தோஷப்பட வேண்டியது அதற்கல்ல, பரலோகத்தில் உங்கள் பெயர்கள் எழுதப்பட்டிருப்பதற்கே என்று திருத்தினார் (லூக்கா 10:20). சத்துருவின் சத்தத்தை அவர் குறைத்தார். விடுதலையானவனை வீட்டோடு சேர்த்தார்.

ஊழியக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. அந்தப் படத்தில்கூடத் தாய் முதலில் மகளை மருத்துவர்களிடம்தான் கொண்டுபோகிறாள். பரிசோதனைமேல் பரிசோதனை நடக்கிறது. நம்மிலோ, மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற விசுவாசியின் மாத்திரையை நிறுத்திவிட்டு, பிசாசென்று அடித்துத் துரத்துகிறவர்கள் உண்டு. அது விசுவாசமல்ல, அது கொடுமை.

அந்தப் பிள்ளைக்குச் சொன்னது

படத்தைப் பார்த்தபோது ஒரு காட்சி என் இருதயத்தைக் குத்தியது. அந்தச் சிறுமியின் பிறந்தநாள். பிரிந்துபோய்த் தூரதேசத்தில் இருக்கும் தகப்பனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வரவில்லை. தாய் கோபத்தில் தொலைபேசியில் கத்துவதை மகள் மறைவில் நின்று கேட்கிறாள். எங்கள் சபைப் பிள்ளையின் தகப்பனும் அப்போது வளைகுடா நாட்டில் வேலையாயிருந்தார்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டிற்குப் போனேன். "அந்தப் படத்தில் எது உனக்கு ரொம்பப் பயமாக இருந்தது மகளே?" என்று கேட்டேன். தலை திரும்பியதைச் சொல்வாள் என்று நினைத்தேன். சற்றுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கும் அப்பா பக்கத்தில் இல்லை ஐயா" என்றாள். தாய் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் துரத்தியிருக்க வேண்டிய பிசாசு அந்த வீட்டில் இல்லை, வாசகர்களே. ஒரு காலியிடம் இருந்தது.

அந்தத் தகப்பனுக்கு எழுதினேன். அதன்பின் அவர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துத் தொலைபேசி அட்டை வாங்கி, இரவுதோறும் இரண்டு நிமிடம் மகளோடு ஜெபித்தார். பிள்ளை தூங்க ஆரம்பித்தாள்.

அவளுடைய கேள்விக்கும் அன்று பதில் சொன்னேன். படத்தின் முடிவில் சுகமான சிறுமி, நடந்தது ஒன்றும் நினைவில்லாமல், ஊரைவிட்டுப் புறப்படுகிறாள். அப்போது வழியனுப்ப வந்த ஒரு குருவானவரின் வெள்ளைக் கழுத்துப்பட்டையைக் காண்கிறாள். என்னவென்று தெரியாமலே எட்டி அவர் கன்னத்தில் முத்தமிடுகிறாள். "அந்த முத்தத்தைப் பார்த்தாயா மகளே?" என்றேன். "பார்த்தேன். ஆனால் மறந்துவிட்டேன்" என்றாள்.

பிரியமானவர்களே, இந்தப் படத்தை வாங்கிப் பாருங்கள் என்று நான் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு அது உகந்ததே அல்ல. ஆனால் வீட்டில் யாராவது பார்த்துப் பயந்திருந்தால் திட்டாதீர்கள்; பக்கத்தில் உட்காருங்கள்; எதற்குப் பயந்தாய் என்று கேளுங்கள். இரவில் விளக்கை அணைக்குமுன் ஒரு கையைப் பிடித்து ஜெபியுங்கள். சாட்சி சொல்லும்போது, சத்துருவுக்கு ஒரு வாக்கியமும் இரட்சகருக்கு அரைமணி நேரமும் கொடுங்கள்.

கல்லறையைத் திறந்து வெளியே வந்தவர் நம் வீடுகளைக் காப்பாராக. நம் பிள்ளைகளின் நித்திரையை அவர் இன்பமாக்குவாராக. ஆமென்.