மேடைக்கு அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை: கமிரீத்து நாடக இயக்கம் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஒரு நாடகம் மக்கள் முன் நடிக்கப்படுவதற்கு ஆட்சியாளரின் முன் அனுமதி அவசியமா என்பதும், பல மொழிகள் வழங்கும் ஒரு தேசத்தில் கலைஞன் தன் ஊராரின் மொழியில் படைப்பது அத்தேசத்தின் ஒற்றுமைக்கு ஊறு விளைக்குமா என்பதும் ஆப்பிரிக்காவில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் விஷயங்கள். நாடகத்திலும் மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டோர் கூடி நடத்தும் எங்கள் சங்கம், கென்யா நாட்டில் கமிரீத்து என்னும் கிராமத்தில் நடந்தவற்றை ஆதாரமாகக் கொண்டு, இவ்விரு கேள்விகளுக்கும் தன் விடையைப் பகிரங்கமாகக் கூற விரும்புகிறது. முன் அனுமதி எக்காலத்தும் அவசியமில்லை. மக்களின் மொழியால் ஒற்றுமை குலைவதும் இல்லை.

அயல் கண்டத்து விவகாரத்தில் நாங்கள் அபிப்பிராயம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாடகத்தைத் தடை செய்யும் அதிகாரத்தை 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நம் நாட்டில் எடுத்துக்கொண்டது அந்நிய அரசாங்கம். சுதந்திரம் வந்த பின்பும் 1954இல் சென்னை ராஜ்யத்தில் அதே நோக்கத்தோடு இன்னொரு சட்டம் பிறந்து, அதன் முக்கியப் பிரிவுகளை 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று தள்ளும் வரை ஏட்டில் நிலைத்திருந்தது. ஆகவே கென்யர்கள் பட்ட கஷ்டம் எங்களுக்கு முற்றிலும் புதியதன்று.

கமிரீத்து, நைரோபிக்கு வடமேற்கே, தேயிலைத் தோட்டங்களும் பாட்டா காலணித் தொழிற்சாலையும் உள்ள லிமுரு பட்டணத்தை ஒட்டிய ஊர். அது இயல்பாக வளர்ந்த ஊரன்று. 1950களில் மௌ மௌ கிளர்ச்சியை ஒடுக்குவதற்காக பிரிட்டிஷ் அரசாங்கம் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்து, சிதறி வாழ்ந்த கிக்குயு இனக் குடும்பங்கள் காட்டிலிருந்த போராளிகளோடு எவ்விதத் தொடர்பும் கொள்ளாதபடி அவர்களை ஓரிடத்தில் குவித்தபோது உண்டானது. 1963இல் சுதந்திரம் வந்தது. ஆயினும் நிலமிழந்தவர்களில் அநேகர் நிலமிழந்தவர்களாகவே நின்று, தோட்டத்திலும் ஆலையிலும் கூலிக்கு உழைத்து வந்தார்கள். அவ்வூரில் செயலற்றுக் கிடந்த இளைஞர் நிலையம் 1976இல் சமுதாயக் கல்வி, கலாசார மையமாகப் புத்துயிர் பெற்று, முதலில் முதியோர்க்கு எழுத்தறிவித்தது. பிரேசில் தேசத்துக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயின் வழியைத் தழுவிய அவ்வகுப்புகளில், எழுத்தைக் கற்றவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி விவாதிக்கவும் கற்றார்கள். அதன் பின்னர் அவர்களே ஒரு நாடகம் வேண்டுமென்றார்கள். நைரோபி பல்கலைக்கழகத்து ஆசிரியரும் ஆங்கில நாவல்களால் உலகப் புகழ் பெற்றவருமான கூகி வா தியாங்கோவும், கூகி வா மிரீயும் சேர்ந்து கிக்குயு மொழியில் அதை எழுதினார்கள். கிமானி கெசாவ் இயக்கினார். தமிழில் ‘நான் விரும்பும்போது மணப்பேன்’ என்று பொருள்படும் அந்நாடகத்தின் நாயகன் கிகூண்டா என்னும் பண்ணைக் கூலி. அவனுக்குச் சொந்தமான ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பட்டா சட்டமிட்டு வீட்டுச் சுவரில் தொங்கும். செல்வந்தரான எஜமானர் குடும்பம் அவனை மாதா கோயில் முறைப்படி மறுபடியும் திருமணம் செய்துகொள்ளத் தூண்டி, அதற்காக வங்கியில் கடன் வாங்க வைத்து, முடிவில் அந்த ஒன்றரை ஏக்கரையும் விழுங்கிவிடுகிறது.

ஒத்திகை நடந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் எங்கள் நிலைப்பாடு முழுவதும் அதிலிருந்து பிறப்பது. எழுதிய பிரதியை ஊரார் முன் படித்துக் காட்டியபோது, கேட்டவர்கள் வாளா இருக்கவில்லை. இன்ன வயதுடைய கிழவர் இப்படிப் பேசமாட்டார், இச்சொல் அவர் வாயில் வராது என்று முதியவர்கள் பேராசிரியரின் வசனத்தைத் திருத்தினார்கள். ஆலைத் தொழிலாளிகள் தங்கள் வேலை எவ்வாறு நடக்கிறது, கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை விளக்கி, அதை நாடகத்தில் சேர்க்கச் செய்தார்கள். மௌ மௌ காலத்தில் காட்டில் துப்பாக்கி செய்த அனுபவமுள்ள ஒருவர் அத்தொழிலை மேடையில் எவ்வாறு காட்டுவது என்று தாமே செய்து காண்பித்தார். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி, பெண்கள் எதிரெதிர் நின்று பாடும் கீதீரோ என்னும் பாடல் மரபை அடி அடியாகச் சொல்லிக் கொடுத்தார். ஒத்திகை திறந்த வெளியில் நடந்தமையால், தொடக்க விழாவுக்கு முன்பே நாடகத்தை முழுதும் மனப்பாடமாக அறிந்தவர் ஊரில் பலர் இருந்தனர். அரங்கத்தையும் அவர்களே கட்டினார்கள். முதலில் தீக்குச்சிகளைக் கொண்டு அதன் வடிவத்தை அமைத்துப் பார்த்து, பின்பு ஏறத்தாழ 2,000 பேர் அமரக்கூடிய வெளியரங்கமாகத் தங்கள் கையுழைப்பாலேயே எழுப்பினார்கள். இவர்களைக் காண்போர் கூட்டம் என்று கூறுதல் எவ்விதத்திலும் தகாது; இவர்களே சிருஷ்டிகர்த்தாக்கள். ஜனநாயகத்தின் புத்தாக்கம் என்று அறிஞர்கள் எழுதுவதை, கூலி வேலை முடித்து மாலையில் வந்த இம்மக்கள் நடைமுறையில் செய்து காட்டினார்கள் என்பதே எங்கள் துணிபு.

1977 அக்டோபர் 2ஆம் நாள் நாடகம் அரங்கேறியது. பிற ஊர்களிலிருந்து ஜனங்கள் வண்டி பிடித்தும் நடந்தும் வந்தார்கள். தங்கள் ஊரிலும் இத்தகைய மையம் வேண்டுமென்று கேட்டவர்களும் உண்டு. நவம்பர் 16ஆம் நாள், பொது அமைதிக்குக் கேடு என்ற காரணம் காட்டி நாடகத்தின் அனுமதி ரத்து செய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் கூகி வா தியாங்கோ கைதாகி, விசாரணை ஏதுமின்றி 1978 டிசம்பர் வரை கமிட்டி என்ற பெயருள்ள சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். அச்சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் அவர் எழுதிய கிக்குயு நாவல்தான் பிற்பாடு ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. 1982இல் ஊரார் இரண்டாவது நாடகத்தோடு நைரோபி தேசிய அரங்கத்துக்குச் சென்றபோது கதவு பூட்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் நடந்த ஒத்திகைகளையே ஆயிரக்கணக்கானோர் பார்த்தனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மையத்தின் பதிவை ரத்து செய்த அரசாங்கம், ஆயுதம் தாங்கிய போலீசாரை லாரிகளில் அனுப்பி கமிரீத்து அரங்கத்தைத் தரைமட்டமாக்கியது. இரு கூகிகளும் கெசாவும் தேசத்தை விட்டு வெளியேற நேர்ந்தது.

தாய்மொழி நாடகம் இனப்பிரிவினையைத் தூண்டும் என்று ஆட்சேபம் கூறுவோரை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்குவதும், தேர்தலைத் தொடர்ந்து இனக் கலவரங்களைக் கண்டதுமான கென்யாவில் அந்த அச்சத்துக்கு இடமுண்டு. ஆயினும் அந்த இரண்டாவது நாடகம், காலனி ஆட்சிக் காலத்துக் கூலிச் சட்டங்களைப் பற்றியது, கென்யாவின் பல இனத்தவரின் பாடல்களை ஒருங்கே கோத்து அமைந்தது. கிக்குயு மொழி பேசும் எஜமானர் கிக்குயு மொழி பேசும் கூலியின் நிலத்தைப் பறிக்கும் கதையைச் சொன்ன முதல் நாடகத்தையும் இனவெறியின் கணக்கில் எழுத முடியாது. அதிகாரிகளைக் கலங்கச் செய்தது அக்கதையின் மொழி என்பதைக் காட்டிலும், அம்மொழியால் அதை ஒவ்வொரு கூலியாளும் புரிந்துகொண்டான் என்பதே.

ஆப்பிரிக்க எழுத்தாளரும் அறிஞரும் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் எரித்ரியாவின் அஸ்மாரா நகரில் கூடி, ஆப்பிரிக்க மொழிகளின் சம வளர்ச்சிக்கு ஜனநாயகமும், ஜனநாயகத்துக்கு அம்மொழிகளும் இன்றியமையாதவை என்று பிரகடனம் செய்தார்கள். எங்கள் சங்கம் அப்பிரகடனத்தை முழுமனத்தோடு ஏற்கிறது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே நாட்டின் சுயேச்சைப் பத்திரிகைகள் அனைத்தும் மூடப்பட்டதையும் நாங்கள் மறக்கவில்லை. மொழிக்கு மரியாதை செய்துவிட்டு அம்மொழியில் பேசுபவனின் வாயை அடைக்கும் ஆட்சியை, மொழிப்பற்றுள்ள ஆட்சி என்று நாங்கள் அங்கீகரிக்கமாட்டோம்.

2010ஆம் ஆண்டின் கென்ய அரசியல் சாசனம் கலைப் படைப்புச் சுதந்திரத்தைப் பெயர் குறிப்பிட்டு உறுதி செய்கிறது. 1977இல் தடைப்பட்ட முதல் நாடகம் 2022இல் நைரோபி தேசிய அரங்கத்திலேயே நடிக்கப்பட்டது. இவை சந்தோஷத்துக்குரியவை. எனினும் 2025 ஏப்ரலில், நாகுருவில் நடந்த தேசியப் பள்ளி நாடக விழாவில், நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தும் ஒரு பெண்கள் பள்ளியின் நாடகம் முறையாக நடைபெற வழி செய்யப்படவில்லை. மாணவியர் தேசிய கீதத்தை மட்டும் பாடிவிட்டு வெளியேற, போலீசார் கண்ணீர்ப்புகை வீசினர். அடுத்த மாதம் 28ஆம் நாள் கூகி வா தியாங்கோ அமெரிக்காவில் காலமானார். அரசியல் சாசனத்தில் இருப்பது விழா மண்டபத்தின் வாசலைச் சென்றடைய இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை நாகுருவில் நடந்த சம்பவம் காட்டுகிறது.

ஆதலின் எங்கள் நிலைப்பாடு இது. நாடகப் பிரதியை முன்கூட்டிப் பரிசீலித்து உத்தரவு வழங்கும் அதிகாரம், பள்ளி விழாவாயினும் பொது அரங்கமாயினும், எந்த அதிகாரியிடமும் இருத்தலாகாது. நாடகத்தால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்ததென்றால் அதற்கு நீதிமன்றம் உண்டு. சுவாஹிலிக்கும் ஆங்கிலத்துக்கும் அளிக்கப்படும் அரசாங்க ஆதரவில் கிக்குயு, லுவோ, கம்பா முதலிய மொழிகளின் அரங்குகளுக்கும் உரிய பங்கு கிடைக்க வேண்டும். இடிக்கப்பட்ட அரங்கத்துக்கு ஈடாக, கமிரீத்து மக்கள் விரும்பும் இடத்தில், அவர்கள் நிர்வாகத்திலேயே இயங்கும் ஓர் அரங்கத்தைக் கென்ய அரசாங்கம் தன் செலவில் அமைத்துத் தர வேண்டும். தமிழகத்து நாடகக் குழுக்களை நாங்கள் கேட்டுக்கொள்வதெல்லாம், ‘நான் விரும்பும்போது மணப்பேன்’ என்னும் அந்தக் கிக்குயு நாடகத்தை எடுத்துப் படித்து, அதைத் தமிழில் நடிக்க முன்வர வேண்டும் என்பதும், நடிக்கும்போது ஒத்திகையை ஊர்ப் பொதுவிடத்தில், கூலி வேலை முடிந்து வருவோர் உட்கார்ந்து கேட்டுத் திருத்தும்படி நடத்த வேண்டும் என்பதுமே.