தூக்குக் கயிறும் கசிப்புப் பீப்பாயும்

போதைப்பொருள் செய்தி ஒன்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டால் போதும், நம் அரசியல்வாதிகளுக்குத் தூக்குக் கயிறு ஞாபகம் வந்துவிடுகிறது. நாலு பேரைத் தொங்கவிட்டால் நாடு திருந்திவிடுமாம். இந்த வாரமும் அதே உபதேசம்.

ஐயா, இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976இல். 2019இல் தூக்கிலிடும் அலுகோசு வேலைக்கு விளம்பரம் போட்டார்கள். நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நான்கு கைதிகளின் மரண தண்டனைக்குக் கையெழுத்தும் போட்டார். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இத்தனை ஆர்ப்பாட்டத்தில் எந்த வியாபாரி கடையை மூடினான்?

குற்றம் செய்பவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தொழிலில் இறங்குவதில்லை. மாட்டுவேனா, மாட்டேனா என்பதுதான் அவன் கணக்கு. தண்டனையின் கொடூரத்தைவிட, தப்ப முடியாது என்ற நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியரான பெக்காரியா 1764இலேயே எழுதிவிட்டார். பிடிபடாமல் செய்யச் செய்யப் பயம் தேய்ந்துபோகும் என்று பிற்கால ஆய்வுகளும் சொல்கின்றன.

அந்தத் தேய்மானத்தைப் பார்க்கப் பதுளை மாவட்டத்தின் பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வாருங்கள். எந்த லயத்தில் கசிப்பு விற்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எப்போதாவது ஒரு சுற்றிவளைப்பு. ஓடைக்கரையில் கோடா பீப்பாயைக் கவிழ்ப்பார்கள், படம் எடுப்பார்கள். விற்றவன் தண்டப்பணம் கட்டுவான். அடுத்த சம்பளத்துக்குள் புதுப் பீப்பாய் வந்துவிடும். அவனுக்கு அந்தத் தண்டம் வருடாந்த லைசன்ஸ் கட்டணம் மாதிரி. பட்டாளம் திரட்டி வருவதை விடுங்கள். எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாமல் இரண்டு பொலிஸ்காரர் அடிக்கடி அந்த லயத்தைச் சுற்றி வரட்டும். அவன் தூக்கம் கெடும்.

தகவல் கொடுக்க ஆள் இல்லையே என்கிறீர்களா? தகவல் எப்படி வரும்? குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிப் பொலிஸில் சொல்லப் போகும் கொழுந்து பறிக்கும் பெண் தமிழில் அழுகிறாள். புத்தகத்தில் சிங்களத்தில் எழுதுகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைக்கிறாள். பதுளையும் அப்புத்தளையும் ஹாலிஎலயும் 1999 வர்த்தமானிப்படி சிங்களத்திலும் தமிழிலும் நிர்வாகம் நடக்க வேண்டிய இருமொழிப் பிரிவுகள். வர்த்தமானியைப் பூட்டி வைத்துக்கொண்டு கயிற்றைத் தேடுகிறீர்கள்!

தோட்டப்பக்கத்து ஒவ்வொரு நிலையத்திலும் இரவு பகலாகத் தமிழில் முறைப்பாடு எழுத ஒருவரை அமர்த்துங்கள். பிரதியை அன்றே கையில் கொடுங்கள். பக்கத்து லயத்துக்காரி எந்த நேரமும் போய்ச் சொல்லிவிடுவாள் என்ற பயமே கசிப்பு முதலாளிக்குப் போதும்.