இளைஞர் பகுதி: மோட்டார் ஹாப்பர் எவர்க்கு வேண்டும்?

சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டபின் நம் ஊரிகத்துப் பிள்ளைகள் பலர் விடியற்கால ரயிலேறிப் பெங்களூரு சென்று உழைக்கின்றனர். உடன் பணிபுரிவோர் அழைக்க, விடுமுறை நாளில் பெயிண்ட்பால் ஆடுவோரும் அவருள் உளர். 1981இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் பிறந்த ஆட்டம் இது. மரங்களுக்கும் மாடுகளுக்கும் சாயக்குறி இடவென்று செய்த துப்பாக்கியே அதன் முதற்கருவி. ஆடுவதில் குற்றமில்லை, சொந்தத் துப்பாக்கி வாங்கிய கையோடு மோட்டார் ஹாப்பருக்கும் சம்பளத்தைக் கொட்டுவதே ஆராயத்தக்கது.

மாவு மில்லில் தானியம் கொட்டும் அகன்ற வாயை அன்பர்கள் அறிவர். துப்பாக்கியின் மேல் அமரும் ஹாப்பரும் அத்தகையதே. ஏறத்தாழ 200 குண்டுகள் கொள்ளும். குண்டின் குறுக்களவு 17 மில்லிமீட்டர்; ஓடு ஜெலட்டினால் ஆயது. சாதாரண ஹாப்பரில் குண்டுகள் தம் எடையாலேயே இறங்கும். அரிசி அடைத்துக்கொண்டால் மில்காரர் தகரத்தைத் தட்டுவாரன்றோ? இங்கும் இடையிடையே குலுக்கல் வேண்டும். நொடிக்கு ஏழெட்டுக் குண்டுக்கு மேல் அது ஊட்டுவது அரிது.

மோட்டார் உடையவற்றுள் ஒருவகை, துடுப்பால் கிளறி அடைப்பை நீக்கும். மற்றொன்று குண்டை அழுத்தியே தள்ளும். நொடிக்கு இருபது, முப்பது என்று பெட்டியில் அச்சிட்டிருப்பர். அவ்வெண்ணைக் கண்டு மயங்கற்க. போட்டிகள் பலவற்றில் நொடிக்குப் பத்தளவே வரம்பு.

காணவேண்டுவது, கேட்டபோது மட்டும் ஊட்டுகிறதா என்பதே. தங்கக் கல் இடித்த ஸ்டாம்ப் மில்களுக்கென உலகில் வழங்கிய தானியங்கி ஊட்டிகளில் ஒரு நயம் இருந்தது. உரலில் கல் குறைந்தால் உலக்கை தாழ விழும், தாழ விழுந்தால் ஒரு நெம்புகோலைத் தட்டும், புதுக்கல் இறங்கும். நல்ல ஹாப்பரும் கழுத்து நிரம்பியிருக்கையில் ஓய்ந்து, இடம் காலியானதும் சுழலும். ஓயாது சுழல்வது குண்டை உடைக்கும், பாட்டரியையும் தின்னும்.

இனித் துப்பாக்கியைக் காண்க. மின்துப்பாக்கிகள் பலவற்றில் குண்டு வந்தமர்ந்ததை உணரும் கருவி உண்டு. குண்டு அமரும்வரை அவை சுடா. ஹாப்பர் மந்தமாயின் வேகம் குறையுமேயன்றிக் குண்டு நசுங்காது. அஃதில்லாத துப்பாக்கியோ காத்திராது; பாதி இறங்கிய குண்டை நறுக்கிச் சாயத்தை உள்ளே அப்பிவிடும். ஆதலின் அத்தகைய துப்பாக்கியும் விரைந்து சுடும் விரலும் உடையவர்க்குக் கிளறும் வகையேனும் தேவை. வாடகைத் துப்பாக்கியால் எப்போதாவது ஆடுவோர்க்கு எதுவும் வேண்டா. அப்பணத்தில் நல்ல முகக்கவசம் வாங்கட்டும். நொடிக்கு 300 அடியளவு வேகத்தில் வரும் குண்டு கண்ணில் பட்டால் பார்வையே போகும்; பெற்றோர் இதில் கண்டிப்பாயிருத்தல் நன்று.

வாங்கத் துணிந்தவர், ஸ்குரூடிரைவர் இன்றிக் கையாலேயே பிரித்துக் கழுவ இயலுமா, கழுத்து தம் துப்பாக்கியில் இறுகப் பொருந்துமா என்று கடையிலேயே பார்த்துவிடுக. தள்ளும் அழுத்தத்தைக் குறைக்க வழியிருந்தால் மெல்லோட்டுக் குண்டுகள் பிழைக்கும். மழைக்காலத்தில் ஜெலட்டின் ஈரம் உறிஞ்சி வீங்கும்; வீங்கிய குண்டு எவ்வளவு விலையுயர்ந்த ஹாப்பரிலும் சிக்கும். ஆட்டம் முடிந்ததும் மிஞ்சியவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, பாட்டரியையும் கழற்றி வைக்க.