முகநூலில் எழுதிவிட்டால் அது முறைப்பாடு ஆகிவிடுமா?

 

சில நாட்களுக்கு முன் தரம் 11 மாணவி ஒருத்தி முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். எழுப்பிக் கேட்டோம். "ராவு ரெண்டு மணி மட்டும் பக்கத்து வீட்டுல பொக்ஸ் அடிச்சாங்க சேர். படிக்கவும் ஏலா, படுக்கவும் ஏலா" என்றாள். வாப்பா போய்ச் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, "அவங்க எங்கட சொந்தம் சேர்" என்றாள்.

அந்தப் பதிலில் நம்மட ஊரின் முழு நிலைமையும் இருக்கிறது. இங்கு யார் யாருக்குச் சொந்தமில்லை? சைலன்சரைக் கழற்றிவிட்டுக் கடற்கரைப் பக்கம் பைக் ஓட்டும் பொடியன் நம்ம மச்சானின் மகன். வீதியில் படுக்கும் கட்டாக்காலி மாடு நம்ம பெரியப்பாவுடையது. வடிகானில் குப்பை போடுபவர் நாம் சாமான் வாங்கும் கடைக்காரர். ஆகவே வாயை மூடிக்கொள்கிறோம். பிறகு இரவு 11 மணிக்கு முகநூலில், பெயர் போடாமல், "சிலருக்கு வெட்கமே இல்லை" என்று எழுதுகிறோம். நூறு பேர் லைக் போடுகிறார்கள். பொக்ஸ் மட்டும் நிற்பதில்லை. நாமும் இதைச் செய்தவர்கள்தான். அதனால் இதை நமக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

முறைப்பாடு என்றால் காட்டிக்கொடுப்பு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுப்பதும் நாம்தான். அந்தத் தொல்லை முள்ளாகவும் கல்லாகவும் மட்டுமா இருக்கும்? நோயாளி படுத்திருக்கும் வீட்டுச் சுவரை அதிரவைக்கும் சத்தமும் தொல்லைதான். இரவில் தொழிலுக்குப் போய் வரும் மீனவரின் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே நிற்கும் மாடும் தொல்லைதான்.

நம் சமூகத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். வெலிகம கப்புவத்தை முஹியத்தீன் ஜும்ஆப் பள்ளிவாசல் நிர்வாகிகள், ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான பிணக்கில் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2007 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அளவு மீறிய சத்தம் பொதுத் தொல்லை என்று நீதிமன்றம் கூறியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வழங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக்கி, விசேட நிகழ்வுகளுக்கு மட்டும் வரையறுத்த இடம் கொடுத்தது. மக்கள் முறைப்பாடு செய்ய வசதி பொலிஸ் நிலையங்களில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அது பள்ளிவாசலுக்கு மட்டுமான தீர்ப்பல்ல. பன்சலை, கோயில், தேவாலயம், கலியாண வீடு, அரசியல் மேடை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வேறு ஊரில் நடக்கும் சத்தத்தைக் குறை சொல்லும் நாம், பயானுக்கு வெளி மைக்கைப் போடும்போது நம் அயலவரையும் நினைக்க வேண்டும். நம் மீதும் முறைப்பாடு வரலாம் என்பதை ஏற்றுக்கொண்டால்தான் பிறர் மீது முறைப்பாடு செய்யும் தகுதி நமக்கு வரும்.

"பொலிஸுக்குப் போனால் சிங்களத்தில் எழுதுவார்கள், என்ன எழுதினார்கள் என்று விளங்காது" என்று பலர் சொல்கிறார்கள். இது நியாயமான பயம். ஆனால் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கில் பொதுப் பதிவேடுகள் தமிழில் பேணப்பட வேண்டும். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

எதற்கு எங்கே போவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. இரவுச் சத்தம், பைக் ஓட்டம், வீதிச் சண்டை என்றால் பொலிஸ். அவசரமென்றால் 119. குப்பை, அடைபட்ட வடிகான், கட்டாக்காலி மாடு, எரியாத வீதி விளக்கு என்றால் அட்டாளைச்சேனைப் பிரதேச சபை. நுளம்பு, தேங்கிய கழிவு நீர், கடைச் சுகாதாரம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பக்கத்து வீட்டாரோடு தீராத சின்னப் பிணக்குகளுக்கு 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. வழக்குப் பேசாமலே முடியும். ஊருக்கே தொல்லையான ஒன்றை அகற்ற, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் கட்டளை இடலாம்.

வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. திகதி, நேரம், இடம், என்ன நடந்தது என்று நான்கு வரியில் எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதிலே இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "எங்கள் கடிதத்துக்கு என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவித்தாக வேண்டும்.

முறைப்பாட்டுக்கும் ஒழுக்கம் உண்டு. முதலில் நேரில், ஸலாம் சொல்லி, தன்மையாகப் பேச வேண்டும். பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். தங்கள் சத்தம் அடுத்த வீட்டுக்குள் கேட்கிறது என்றே சிலருக்குத் தெரியாது. காணிப் பகையைத் தீர்க்க மாட்டையும் மைக்கையும் சாட்டாக எடுக்கக் கூடாது. அடுத்த வீட்டுப் பெண்பிள்ளைகள் தெரிய வீடியோ எடுத்துப் போடுவது முறைப்பாடே அல்ல, அது இன்னொரு குற்றம். பதினாறு வயதுப் பொடியனை முதல் தடவையே பொலிஸில் நிறுத்துவதற்கு முன் அவன் வாப்பாவுடனும் பள்ளிக்கூடத்துடனும் பேசுங்கள். அவனைத் திருத்தும் பொறுப்பில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. ஆனால் பேசியும் கேட்காதவனை, சொந்தம் என்பதற்காக விட்டுவைத்தால், நாளை அவன் ஜனாஸாவுக்கோ அவன் மோதிய பிள்ளையின் ஜனாஸாவுக்கோ நாம்தான் போய் நிற்போம்.

பள்ளிவாசல் நிர்வாகம், விளையாட்டுக் கழகங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மூன்றும் ஒரு தடவை ஒன்றாக உட்கார்ந்து, கலியாணமோ கூட்டமோ, இரவு 10 மணிக்கு மேல் நம்மட ஊரில் பொக்ஸ் இல்லை என்று முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சாதாரண தரப் பரீட்சை வருமுன் அது நடக்க வேண்டும். முடிவு ஊருடையதாக இருந்தால், பொலிஸுக்குப் போகும் வாப்பா தனி ஆளாக இருக்க மாட்டார்.

அந்த மாணவியை அன்று நாம் ஏசவில்லை. அவள் தூங்கியது அவள் குற்றமில்லை.