கோழிக் கடையில் கண்ட பழைய எண்ணெய்

எண்ணெய் மண்டி வைத்திருப்பவருக்குக் கொரியாக்காரன் கோழியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நமது பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கொரிய நாடகங்களைப் பார்த்துப் பார்த்து அந்த நாட்டுச் சாப்பாட்டின் மேல் பைத்தியம். இரண்டு வருடம் முன்பு, "ஒரு தடவை வந்து பாருங்க தாத்தா" என்று அடையாறில் உள்ள ஒரு கடைக்கு இழுத்துக் கொண்டு போனாள். வேண்டா வெறுப்பாகப் போன நாம், அதன் பிறகு மாதம் ஒரு தடவை நாமே கேட்டுப் போகும்படி ஆகிவிட்டது.

1996-ல் ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது, கூடவே கொரியக் குடும்பங்களும் வந்தன. அவர்களுக்காகச் சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. இன்று அந்தக் கடைகளுக்குப் போவது பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். கொரியாவிலேயே 1997 பண நெருக்கடியில் வேலை இழந்த பலர், கையிலிருந்த பணத்தைப் போட்டுக் கோழிக் கடை திறந்தார்கள். ஆக, அதுவும் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளின் தொழில்தான். மெல்லிய மாவுப் பூச்சு. ஒரு முறை பொரித்து, எடுத்து ஆறவிட்டு, மறுபடியும் பொரிப்பார்கள். ஈரம் வெளியேறி, அப்பளம் போல் நொறுங்கும். இரண்டு தடவை எண்ணெயில் விழும் பண்டத்துக்கு எண்ணெய்தான் உயிர் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

போன மாதம் போனோம். தட்டு வந்ததுமே மூக்கு சொல்லிவிட்டது. மேல்பூச்சு கறுத்து, பல்லில் பசை போல் ஒட்டியது. காரச் சாறை வழக்கத்தை விட அதிகமாக ஊற்றி வாடையை மறைத்திருந்தார்கள். விலை பழைய விலைதான். எட்டுத் துண்டு ஆறாகியிருந்தது. கேட்டால் இலவசமாக வைக்கும் முள்ளங்கி ஊறுகாய்க்குத் தனிக் காசு. பேத்தி இரண்டு துண்டோடு நிறுத்திக் கொண்டாள்.

கல்லாவில் இருந்த பையனிடம், "தம்பி, எண்ணெய் மாற்றி எத்தனை நாள் ஆச்சு?" என்றோம். "டெய்லி மாத்துறோம் சார்" என்றான், நம் முகத்தைப் பார்க்காமல். முதலாளி புதுக் கிளை வேலையாக அலைகிறாராம்.

எண்ணெயைக் காய்ச்சக் காய்ச்ச அதில் சேரும் போலார் காம்பவுண்ட் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை விதி செய்து, அது 2018 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள், பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று கணக்கும் வைக்க வேண்டும். பயோடீசலுக்கு வாங்கிக் கொள்ள ஏற்பாடும் உண்டு. ஆனாலும் டப்பாவோடு தெருத் தெருவாக வந்து பழைய எண்ணெயை வாங்கிப் போகிறவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அது எந்தத் தள்ளுவண்டிக்குப் போகிறது என்று நாம் கேட்பதில்லை.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை இறக்குமதி வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம் ஆனது. 2025 மே மாதக் கடைசியில் அதை 10 ஆகக் குறைத்தார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் சமையல்காரன் என்ன செய்வான்? விலைப் பலகையைத் திருத்த பயம். திருத்தாமல் எண்ணெயில் கை வைக்கிறான்.

அந்தப் புத்தியை நாமே ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்ததுண்டு. 2022-ல் உக்ரைன் சண்டையால் சூரியகாந்தி எண்ணெய் வரத்துக் குறைந்து, ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியாவும் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது, டின் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தி.நகரில் பன்னிரண்டு வருடமாக நம்மிடம் சரக்கு எடுத்த ஒரு பலகாரக் கடைக்காரர், "அண்ணாச்சி, என்ன செய்யட்டும்?" என்றார். "விலையை ஏற்றாதீர்கள், இருக்கிற எண்ணெயில் இன்னும் ஒரு நாள் ஓட்டுங்கள்" என்றோம். ஓட்டினார். ஒரு நாள் மூன்று நாளானது. இந்தோனேசியா மே மாதமே தடையை எடுத்துவிட்டது; விலையும் பிறகு இறங்கியது. போன வாடிக்கை திரும்பவில்லை. ஒருவர்கூட வந்து சண்டை போடவில்லை என்றார் அவர். வந்து சண்டை போட்டிருந்தாலாவது தெரிந்திருக்கும். அவர் நம்மை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நமக்குத்தான் அந்தத் தெருப் பக்கம் போனால் கூச்சம்.

அந்த நேரத்தில், "முறுக்குக்கு இரண்டு ரூபாய் கூட்டி எழுதுங்கள், காரணத்தையும் எழுதி ஒட்டுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கடையில் என்ன நடக்கிறது என்பது அதிகாரிக்கு முன்னால் மொத்த வியாபாரிக்குத்தான் தெரியும். கடையில் கூட்டம் அப்படியே இருக்க, எடுக்கும் டின் மட்டும் குறைந்தால் என்ன அர்த்தம்? பில் புத்தகத்தைப் புரட்டினாலே போதும். வாடிக்கை கோபித்துக் கொள்ளும் என்று வாயை மூடிக் கொள்கிறோம்.

அடையாறு கடைக்கு எண்ணெய் போடுகிறவர் நமது சங்கத்து அங்கத்தினர்தான் என்று விசாரித்ததில் தெரிந்தது. போனில் பேசினோம். மாதம் இருபது டின் எடுத்தவர்கள் நாலு மாதமாகப் பதினொன்றுதான் எடுக்கிறார்களாம். "வேறு இடத்தில் வாங்குகிறார்களோ என்று இருந்துவிட்டேன் அண்ணாச்சி" என்றார். முதலாளியை நேரில் பார்க்க வரும் வெள்ளிக்கிழமை இருவருமாகப் போகிறோம். மறுபடி எப்போது கோழிக் கடை என்று பேத்தி கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.