ஆகாசத்து இரும்பு

"விண்கல் மாப்ளே! லட்ச ரூபா பெறும்!"

மங்கலம்பேட்டை டீக்கடையில் நண்பன் கைக்குட்டையைப் பிரித்தான். எலுமிச்சை சைஸில் கறுப்புக் கட்டி, உடம்பெல்லாம் ஓட்டை. காந்தம் ஒட்டுதாம். தங்கச்சி கல்யாணக் கடனுக்கு ஆகாசமே படியளந்துவிட்டதாக நினைப்பு.

பி.காம். படித்த எனக்கு இரும்பென்றால் காயலான் கடை ரேட்தான் தெரியும். ஆனாலும் செவ்வாய் கிரகத்து விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. 2005 ஜனவரியில் ஆப்பர்ச்சுனிட்டி ரோவர், தான் இறங்கும்போது கழற்றிப்போட்ட வெப்பக் கவசத்துக்குப் பக்கத்திலேயே கூடைப்பந்து சைஸில் ஒரு கல்லைப் பார்த்தது. வெப்பம் அளக்கும் கருவிக்கு அது கல்லாகவே தெரியவில்லை. கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டியது. அட, உலோகம்! கையை நீட்டிச் சோதித்தால் இரும்பு சுமார் 93 சதவீதம், நிக்கல் 7. வேற்றுக் கிரகத்தில் கண்டுபிடித்த முதல் விண்கல் அதுதான். (நம்ம கொடைக்கானலிலேயே 1898-ல் சுமார் 16 கிலோ இரும்பு விண்கல் அகப்பட்டிருக்கிறது.)

நிக்கல்தான் ஜாதகம். தாதுவை உருக்கி எடுக்கிற சாதா இரும்பில் அவ்வளவு இருக்காது.

"காந்தம் ஒட்டுதேடா?"

"பட்டறைக் கிட்டத்திலகூடத்தான் ஒட்டும். இந்த ஓட்டையெல்லாம் உருகும்போது காத்து குமிழி விட்டது. இரும்பு விண்கல்லுல கட்டைவிரலால அமுக்கின மாதிரி பள்ளம்தான் இருக்கும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"எதுக்கும் நிக்கல் பாத்துடலாம்டா. எவ்வளவு ஆவும்?"

டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.