வயிறு நிறைந்தால் மறைந்துபோகும் வாடை

வைகறையில் கொசுவலையை மடிக்கும்போது, அதன் மூலையில் வயிறு சிவந்து, பறக்கவும் சோம்பி ஒட்டிக்கொண்டிருக்கும் கொசுவை நம்மில் பலரும் கண்டிருப்போம். இரவெல்லாம் நம்மைத் தேடி அலைந்த அது, நாம் அருகிலேயே இருந்தும் மீண்டும் கடிக்க வராதது ஏன்? வயிறு நிறைந்துவிட்டது என்போம். அவ்விடை சரியே; ஆயினும் முழுமையானதன்று. இரத்தம் குடித்த கொசுவுக்கு நம் உடலின் வாடையே மங்கிப் போகின்றது என்பது அறிஞர்கள் கண்ட உண்மை.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. பூக்களின் இனிய சாறே ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான உணவு. முட்டைகள் வளரத் தேவையான புரதத்திற்காகவே பெண் கொசு இரத்தத்தை நாடுகின்றது. நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவும், வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலமும், உடலின் வெப்பமும் அதற்கு வழிகாட்டுகின்றன. லாக்டிக் அமிலத்தின் வாடையை அறியும் நரம்பணுக்கள் அதன் உணர்கொம்புகளில் உள்ளன.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். வயிறு உப்பியதும் தேடல் அடங்குகின்றது, இது முதற்கட்டம். இரத்தம் செரித்து வயிறு வற்றிய பின்னரும் கொசு நம்மை நாடுவதில்லை. முட்டைகள் முதிரும் வரை, அதன் உடல்நீரில் ஓடும் ஓர் இரசாயனச் செய்தி அதனைத் தடுத்து வைக்கின்றது. இக்காலத்தில் லாக்டிக் அமிலத்தை அறியும் நரம்பணுக்களின் கூர்மை குறைவதும், முட்டையிட்ட பின் அது மீள்வதும் 1984ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் புலப்பட்டன. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் காம்பியே கொசுவிலோ, இரத்தம் குடித்து 12 மணி நேரத்தில் வாடையை ஏற்கும் மரபணு ஒன்றின் செயற்பாடு தணிவதை 2001ஆம் ஆண்டில் கண்டனர்.

எனினும், மூக்கு முற்றிலும் உறங்கிவிடுவதில்லை. மனித வாடைக்கு மங்கும் அதே உணர்கொம்பு, முட்டையிடத் தகுந்த நீரை உணர்த்தும் சில பொருள்களின் வாடைக்குக் கூர்மை பெறுகின்றது. நம்மைத் தேடிய கொசு, இப்போது நம் வீட்டுத் தண்ணீரைத் தேடுகின்றது!

இல்லத்தரசிகள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இங்கேதான் உள்ளது. வயிறு நிறைந்த கொசுவை, இனிக் கடிக்காது என்று விட்டுவிடலாகாது. சில நாட்களில் முட்டையிட்டதும் பழைய மூக்கு திரும்பிவிடும். மீண்டும் இரத்தம் தேடி வரும். டெங்கு நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் கிருமி முதிர ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களாகும். அதன்பின் அது உயிரோடிருக்கும் வரை பிறருக்கு நோயைக் கொடுக்க வல்லது. மேலும், பாதி குடிக்கையில் விரட்டப்பட்ட ஏடிஸ் கொசுவுக்குப் பசி அடங்குவதில்லை. உடனே அடுத்தவரைக் கடிக்க முனையும்.

ஆகவே, காய்ச்சல் கண்டவரைப் பகலிலும் கொசுவலைக்குள் வைத்திருங்கள். ஏடிஸ் பகலில் கடிப்பது. தண்ணீர்த் தொட்டியையும் குடங்களையும் இறுக மூடுங்கள். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிவிடுவது மட்டும் போதாது. உட்புறச் சுவரை நன்கு தேய்த்துக் கழுவுங்கள். அங்கே ஒட்டியுள்ள ஏடிஸ் முட்டைகள் ஈரமின்றிப் பல மாதங்கள் உயிர் தாங்கி, நீர் பட்டதும் பொரிக்கும். பூந்தொட்டித் தட்டு, கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றையும் மறந்துவிடாதீர்கள்.

நம் வாடையைக் கொசு மறந்திருப்பது சில நாட்களே. அந்நாட்களில் அது தேடும் தண்ணீர் நம் வீட்டில் கிடைக்காதிருப்பது நம் கைகளில் உள்ளது.